ஜிந்துப்பிட்டி உழைப்பாளரின் ஓய்வுப்பொழுது: ஒரு வரலாற்று நோக்கு

வறியவனுக்கு ஏற்ற பொழுதுபோக்கு எது என்னும் வினா பெரும்பாலும் அறிவுரை கூறுவோரின் வினாவாகவே இருந்து வந்துள்ளது. அவர்களிடம் ஆயத்தமான விடைகள் உள்ளன: முத்திரை சேர்க்கலாம், நூல் வாசிக்கலாம், பூஞ்செடி வளர்க்கலாம், பாடப் பழகலாம். இவ்விடைகளில் தவறில்லை. ஆயின் முத்திரை சேர்ப்பதற்குக் கடிதம் வரும் வீடு வேண்டும். வாசிப்பதற்கு எழுத்தறிவும் விளக்கும் வேண்டும். பூஞ்செடிக்கு ஒரு முழ நிலமாவது வேண்டும். பாடப் பழகுவதற்கு அயலவர் பொறுத்துக்கொள்ளும் ஓரிடம் வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்தபின் எஞ்சும் பொழுது வேண்டும். எனவே மலிவான பொழுதுபோக்கு என்பது காசைப் பற்றிய வினா மட்டுமன்று. நேரத்தையும் இடத்தையும் பற்றிய வினாவுமாகும். அவ்வகையில் அது வரலாற்று மாணவரின் கவனத்துக்கும் உரியதாகின்றது.

இவ்வினாவைக் கொழும்பின் வடபகுதியிலுள்ள ஜிந்துப்பிட்டியை நிலைக்களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு புறம் செட்டியார் தெரு, மறுபுறம் கொட்டாஞ்சேனை, நடந்து செல்லும் தொலைவில் துறைமுகம் என அமைந்த இப்பகுதி, பல தலைமுறைகளாக உழைப்பாளரின் குடியிருப்பாக இருந்து வந்துள்ளது. துறைமுகத் தொழிலாளர், புறக்கோட்டைக் கடைகளின் நாட்டாமிகள், கைவண்டி இழுப்போர், நகைத் தொழிலாளர், மாநகரசபைச் சுத்திகரிப்புத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள் என இவர்கள் பல்வகைப்பட்டனர். தமிழகத்திலிருந்து வந்தோரின் வழியினர் இவர்களுட் கணிசமாக இருந்தனர். 'தோட்டம்' என்று வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளில், பொதுக் குழாயையும் பொது முற்றத்தையும் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த இம்மக்களுக்கு வீட்டினுள் ஓய்வெடுக்க இடமிருக்கவில்லை. அதனாலேயே அவர்களது பொழுதுபோக்கு வீட்டுக்கு வெளியே, கூட்டு முயற்சியாக வளர வேண்டியதாயிற்று.

1. பொழுது எவ்வாறு கிடைத்தது?

ஓய்வுப்பொழுது இயற்கையாகக் கிடைத்த ஒன்றன்று, போராடிப் பெறப்பட்டது. 1880ஆம் ஆண்டிலேயே போல் லஃபார்க் சோம்பியிருக்கும் உரிமையைத் தொழிலாளரின் உரிமையாக முன்வைத்து எழுதினார். 1886இல் சிக்காகோவில் எட்டு மணி நேர வேலைநாளுக்காக எழுந்த குரல், 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதலாவது உடன்படிக்கையில் இடம்பெற்றது. கொழும்பில் 1922இல் இலங்கைத் தொழிற்சங்கம் தோன்றியதும், 1923இன் பொது வேலைநிறுத்தமும், 1927இன் துறைமுக வேலைநிறுத்தமும், 1929இன் ட்றாம் தொழிலாளர் போராட்டமும் கூலியைப் பற்றியவையாகவே பொதுவாகப் பேசப்படுகின்றன. அவை பொழுதைப் பற்றியவையுமாகும். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், கடைச் சிப்பந்திகளுக்கு வாரத்துக்கு 45 மணி நேரம் என வரையறுத்த 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் மாலைப்பொழுதை உழைப்பாளருக்கு ஓரளவேனும் உரித்தாக்கின.

இங்கு ஒரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. துறைமுகத்தில் நாட்கூலியாக நின்றவனுக்குக் கப்பல் இல்லாத நாளில் பொழுது ஏராளம், கையிற் காசில்லை. கப்பல் வந்த நாளிற் காசுண்டு; பொழுதில்லை. வேலையின்மையால் வந்த வெறும் பொழுதை ஓய்வு என்று கூறுதல் பொருந்தாது. முன்கூட்டியே அறிந்து திட்டமிடக்கூடிய பொழுதே ஓய்வாகும். நாடக ஒத்திகைக்கு வருவதாக ஒருவன் வாக்களிப்பதற்கு, அவனது மாலைப்பொழுது அவனுடையதாக இருத்தல் வேண்டும்.

2. ஆர்மோனியமும் சந்தாப் பணமும்

ஜிந்துப்பிட்டியின் பெயர் கலை வரலாற்றில் இடம்பெறுவது முதலில் நாடகத்தின் வாயிலாகவே எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கொம்பனிகளும், அவற்றையடுத்துத் தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்களும் கொழும்பு நகரத்தவருக்குப் புதியதொரு சுவையை ஊட்டின. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபு கடல் கடந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களின் நடுப்பகுதியில் இணைந்து நடிக்கத் தொடங்கியது கொழும்பு மேடையிலேயே ஆகும். ஜிந்துப்பிட்டியில் இருந்த நாடகக் கொட்டகை இவ்வகை நாடகங்களை உழைப்பாளரின் வாசலுக்கே கொண்டுவந்தது.

இம்மரபு தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. ஜோன் த சில்வாவின் சிங்கள நாடகத்துக்கு 1903இல் இசையமைத்த விஸ்வநாத் லௌஜி இந்தியாவிலிருந்து வந்தவர். 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தின் நூர்த்தி இசைக்கும் தமிழ் இசை நாடகத்துக்கும் ஆர்மோனியப் பெட்டி பொதுவானதாக இருந்தது. இனங்களைப் பிரித்து எழுதப்பட்ட வரலாறுகள் இப்பொதுமையைப் போதியளவு கணக்கிலெடுக்கவில்லை.

ஆயினும் எமது பொருளுக்கு முக்கியமானது, பார்வையாளனாக இருந்தவன் நடிகனாக மாறிய கட்டமாகும். தொழில்முறைக் கொம்பனிகள் திரைப்படத்தின் வருகையால் நலிவுற்றன. 1931இல் முதலாவது தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்தது. கொம்பனிகள் விட்டுச்சென்ற இடத்தை உழைப்பாளரின் சபாக்களும் மன்றங்களும் நிரப்பின. பகலில் மூட்டை சுமந்தவன் இரவில் அரிச்சந்திரனாகச் சுடலை காத்தான், முடிதிருத்துவோன் நாரதரானான். இச்சபாக்களின் பொருளாதாரம் நுணுகி நோக்கத்தக்கது. ஆர்மோனியம் ஒருவரால் வாங்க முடியாத பொருள். பலர் சேர்ந்து சந்தா கட்டினால் வாங்க முடிந்த பொருள். நாடகக் கொப்பி கைமாறிப் பிரதி செய்யப்பட்டது. உடைகள் வாடகைக்குப் பெறப்பட்டன. ஒத்திகைக்கு முற்றமோ கோயில் மண்டபமோ போதுமாயிற்று. நுழைவுச் சீட்டை வாங்கியவர்களும் அயலவரே. தனியொருவனின் வரவு செலவில் அடங்காத ஒரு கலை, கூட்டு வரவு செலவில் மலிவான பொழுதுபோக்காகியது. கொழும்பு மேடையில் வளர்ந்த லடீஸ் வீரமணி, பிற்காலத்தில் மஹாகவியின் 'கண்மணியாள் காதை'யை வில்லுப்பாட்டாக நிகழ்த்திப் புகழ்பெற்றார் என்பது இம்மரபின் ஆற்றலுக்குத் தக்க சான்றாகும்.

3. வாசித்தலும் கேட்டலும்

1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபை இப்பகுதியின் மேட்டில் அமைந்து, சமயக் கல்வியுடன் கூட்டங்களுக்கும் சொற்பொழிவுகளுக்கும் இடமளித்தது. சமயச் சார்பான நிறுவனம் என்பதனால் அதன் சமூகப் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. கட்டணமின்றி அமர்ந்து கேட்கக்கூடிய மண்டபம் என்பதே அங்கு வந்த எளியவருக்கு முதன்மையானது.

1930இல் 'வீரகேசரி'யும் 1932இல் 'தினகரன்' நாளிதழும் தோன்றிய பின், தேநீர்க்கடைகளும் சலூன்களும் வாசிகசாலைகளாயின. ஒரு பத்திரிகை, ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பர். எழுத்தறியாதவரும் இவ்வாறு அரசியலை அறிந்தனர். ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்கு அன்றைய உலகம் கிடைத்தது. கோ. நடேசய்யரின் மேடைகளில் மீனாட்சியம்மாள் பாடிய பாடல்கள் நூலாக அச்சேறியதையும் இவ்விடத்து நினைவுகூரலாம். பாட்டுப் புத்தகம் வாசிப்புக்கும் கேட்டலுக்கும் இடையே நின்ற எளியோரின் இலக்கிய வடிவமாகும்.

1950 செப்டெம்பரில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பிக்கப்பட்டதும் புதியதொரு பழக்கம் உருவாயிற்று. விரும்பிய பாடலைக் கேட்டு அஞ்சலட்டை அனுப்புதலும், எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளரின் குரலில் தம் பெயரையும் ஊரையும் கேட்கக் காத்திருத்தலும் இன்று எளிய செயல்களாகத் தோன்றலாம். ஆயின், குடியுரிமைப் பதிவேட்டில் இடம் மறுக்கப்பட்டவனின் பெயரும் வானலையில் ஒலிக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்கள் இப்பகுதியிலும் வாழ்ந்தனர். அவர்களுக்கு ஓர் அஞ்சலட்டையின் விலையிற் கிடைத்த அங்கீகாரம் சிறியதன்று.

4. தெருவும் திடலும்

செலவே இல்லாத பொழுதுபோக்குகளுக்குத் தெருவும் கோயிலும் கடற்கரையும் களமாயின. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் செல்லும் ஆடிவேல் விழா 1874 முதல் நடைபெற்று வந்ததாகக் கூறப்படும். கொள்ளைநோய் அச்சத்தால் கதிர்காம யாத்திரை தடைப்பட்டதே அதன் தோற்றத்துக்குக் காரணம் என்பர். செல்வச் செட்டிமார் நடத்திய விழாவேனும், தெருவில் நின்று அதனை அனுபவித்தோர் எளியவரே. இன, மத வேறுபாடின்றிக் கொழும்பு மக்கள் அதிற் கலந்துகொண்டனர்.

காலிமுகத்திடல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல், உலாவுமிடமாகச் சீரமைக்கப்பட்டது. அங்குள்ள நினைவுக்கல் கொழும்பின் சீமாட்டிகளையும் குழந்தைகளையும் கருதி அவ்விடத்தைப் பேணுமாறு பின்வந்த ஆளுநர்களுக்குப் பரிந்துரைக்கின்றது. அவ்வாசகத்தில் எண்ணப்பட்ட சீமாட்டிகளுள் ஜிந்துப்பிட்டித் தோட்டங்களின் பெண்கள் அடங்கியிருக்கமாட்டார்கள். எனினும், பட்டம் விடும் சிறுவரும், காற்று வாங்கும் குடும்பங்களும், மே தினத் தொழிலாளரும் காலப்போக்கில் அத்திடலைத் தமதாக்கிக்கொண்டனர்.

பெண்களைப் பற்றி இங்கு தனியே கூறுதல் அவசியமாகின்றது. இதுவரை கூறிய மாலைப்பொழுது பெரும்பாலும் ஆண்களின் மாலைப்பொழுதே. சபா மேடையிற் பெண் வேடத்தையும் ஆண்களே தாங்குவது வழக்கமாயிருந்தது. தேநீர்க்கடைப் பத்திரிகை பெண்ணின் கைக்கு எட்டவில்லை. குழாயடியில் முறை காத்தல், சமையல், பிள்ளை வளர்ப்பு என்பவற்றுக்கு எட்டு மணி நேரச் சட்டம் இல்லை. வானொலி பெண்களிடையே பெரிதும் வேரூன்றியமைக்கு இதுவே காரணமெனலாம். கைகள் வேலை செய்யச் செவிமட்டும் ஓய்வெடுக்க இடமளித்த கலை அதுவாகும். பெண்ணுக்கு எஞ்சிய பொழுதை அளவிடாத எந்தப் பொழுதுபோக்கு வரலாறும் அரைகுறையானதே.

5. எமது கவனக்குறைவு

பல்கலைக்கழகத் தமிழாய்வு இவ்வரலாற்றை எவ்வாறு நோக்கியது? பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகள் நவீன மேடைக்கு வந்தன. அது பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயின் கிராமத்துக் கூத்திற் பழைமையையும் தூய்மையையும் கண்ட நாம், நகரத்து ஆர்மோனிய நாடகத்தை இந்தியக் கொம்பனிகளின் போலி என்று எளிதில் ஒதுக்கினோம். உழைக்கும் மக்களின் கலை பற்றிப் பேசிய முற்போக்காளராகிய நாமும், உழைப்பாளர் தாமே தெரிந்தெடுத்த கலையை அவர்களது சுவைக் குறைபாடாகக் கருதினோம். அவர்கள் எதனைப் பார்த்தல் வேண்டும் என்று எழுதிய அளவுக்கு, அவர்கள் எதில் மகிழ்ந்தனர் என்று நாம் கேட்கவில்லை. நாடகக் கொப்பிகளும், சந்தாக் கணக்குகளும், நோட்டீசுகளும் சேகரிப்பாரின்றி அழிந்தமைக்கு இம்மனப்பாங்கும் ஒரு காரணமாகும்.

அழிவுக்கு வேறு காரணங்களும் உள. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. குடியுரிமையின் நிச்சயமின்மை, அடுத்த ஆண்டு நாடகத்தில் யார் நடிப்பார் என்னும் நிச்சயமின்மையுமாகும். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் கொழும்புத் தமிழரின் மாலைப்பொழுதை அச்சப்பொழுதாக மாற்றின. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகமும், 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவும் எரியூட்டப்பட்டன. இரவில் வெளியே செல்ல அஞ்சுமிடத்தில் ஒத்திகை இல்லை; கூடி நிற்பது சந்தேகத்துக்குரியதாகுமிடத்தில் சபா இல்லை. நாடகத்துக்குரிய சில்லறைக் காசு இருந்தது; அதனைச் செலவிடும் பொதுவிடம் அற்றுப்போயிற்று.

முடிபு

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி செலவு குறைந்த வாழ்வு பற்றிய அறிவுரைகளை மீண்டும் கொண்டுவந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. அதே ஆண்டு காலிமுகத்திடலிற் கூடாரமடித்துப் போராடிய மக்கள், உணவுக்கும் மருந்துக்கும் ஒழுங்கு செய்ததோடு அமையாது, ஒரு நூலகத்தையும் அமைத்தனர். பாட்டும் நாடகமும் நடத்தினர். ஓரிடம் தமதாகிய உடனே மக்கள் நாடியவற்றுள் வாசிப்பும் கலையும் இருந்தன என்பது வரலாற்று மாணவருக்குப் பொருள் பொதிந்த செய்தியாகும்.

ஜிந்துப்பிட்டியின் அனுபவம் உணர்த்துவது இதுவே: வறியோரின் பொழுதுபோக்கை மலிவாக்கியது சிக்கனம் அன்று, பகிர்வு. ஓர் ஆர்மோனியத்தை இருபது பேரும், ஒரு பத்திரிகையை ஒரு தெருவும், ஒரு வானொலிப் பெட்டியை ஒரு முற்றமும் பகிர்ந்துகொண்டபோது சிறு வருமானத்திலும் நிறைவான பொழுது வாய்த்தது. ஆதலால் இன்று எளியவருக்குப் பொழுதுபோக்கு எதுவெனக் கூற விழைவோர், வேலை நேரம், நூலகம், மண்டபம், விளையாட்டுத் திடல், பெண்களின் இரவுப் பயணப் பாதுகாப்பு என்பவற்றைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டுள்ளனர். அக்காலத்து மேடையேறியோருள் முதியோர் சிலர் இன்றும் எம்மிடையே உள்ளனர். அவர்களது நினைவுகளைப் பதிவு செய்வதும், எஞ்சியுள்ள கொப்பிகளையும் படங்களையும் தேடிப் பாதுகாப்பதும் தமிழ்ச் சங்க மாணவர் தம் ஓய்வுப்பொழுதிற் செய்யத்தக்க பணியாகும். அதற்கும் அதிகம் செலவாகாது.