வீட்டில் திருட்டு அலாரம், கேமரா பொருத்த அனுமதி தேவையா? சட்டம் கூறுவது என்ன?

புதுதில்லி: வெளியூர் செல்லும் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிச் செல்வதோடு நின்றுவிடாமல், கதவில் சென்சாரும் வாசலில் கேமராவும் பொருத்துவது பெருநகரங்களைக் கடந்து சிறு நகரங்களிலும் பரவி வருகிறது. அவற்றை வாங்கும்போது எழும் முதல் ஐயம், இதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதே. காவல் நிலையமா, மாநகராட்சியா, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கமா என்பது பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

குடியிருக்கும் வீட்டில் திருட்டு அலாரம் பொருத்துவதற்கென்றே உரிமம் பெற வேண்டும் எனக் கூறும் மத்தியச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. எனவே 'அலாரம் உரிமக் கட்டணம்' என்ற பெயரில் பொருத்துநரோ இடைத்தரகரோ பணம் கேட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அது வசூலிக்கப்படுகிறது என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்பது வீட்டு உரிமையாளரின் உரிமை. அதேவேளையில், உரிமம் இல்லை என்பதால் விதிகளே இல்லை என்று பொருளாகாது. கருவி, அலைவரிசை, சிம் அட்டை, ஒலி, அண்டை வீட்டாரின் அந்தரங்கம் என ஒவ்வொன்றும் வெவ்வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. அவை ஒரே இடத்தில் தொகுத்துக் கூறப்படாததே குழப்பத்துக்குக் காரணம்.

அமெரிக்காவில் உரிமம் ஏன்?

அலாரத்துக்கு உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெறும் முறை அமெரிக்காவில் பரவலாக உள்ளது. லாஸ் ஏஞ்சலீஸ் உள்ளிட்ட பல நகரங்களில் வீட்டு உரிமையாளர் கட்டணம் செலுத்தி அலாரத்தைப் பதிவு செய்ய வேண்டும். இதன் நோக்கம் கருவியைக் கட்டுப்படுத்துவது அன்று. பொய் அழைப்புகளைக் கட்டுப்படுத்துவது. காவல் துறைக்கு வரும் அலாரம் அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய்யானவை என அந்நாட்டு நீதித் துறை 2002-இல் வெளியிட்ட வழிகாட்டி குறிப்பிட்டது. பூனை குறுக்கே ஓடியது, உரிமையாளரே கடவுச்சொல்லை மறந்தது போன்றவையே பெரும்பாலான அழைப்புகளுக்குக் காரணம். சால்ட் லேக் சிட்டி 2000-ஆம் ஆண்டிலேயே, நேரில் கண்டோ வேறு வகையிலோ உறுதி செய்யப்பட்ட அழைப்புக்கு மட்டுமே காவலர்கள் செல்வர் என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது.

காலப்போக்கில் உரிம முறையே மக்களுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்ற நிலைப்பாடும் அங்கு உருவானது. டெக்சாஸ் மாநிலச் சட்டம், குடியிருப்புக்கான அலாரம் உரிமத்துக்கு நகராட்சிகள் ஆண்டுக்கு 50 டாலருக்கு மேல் வசூலிக்கக் கூடாது என வரம்பு விதித்துள்ளது. பல நகரங்கள் விண்ணப்பத்தை இணையவழிக்கு மாற்றியுள்ளன.

இந்தியாவில் உரிமம் யாருக்கு?

இந்தியாவில் உரிமம் பெற வேண்டியவர் வீட்டு உரிமையாளர் அல்லர். காவல் சேவை வழங்கும் நிறுவனமே. தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005-இன்படி, காவலாளிகளை அனுப்பி ஒருவரையோ சொத்தையோ பாதுகாக்கும் முகமை, மாநில அரசு நியமித்த கட்டுப்பாட்டு அதிகாரியிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் மட்டும் இயங்க ரூ.5,000, ஐந்து மாவட்டங்கள் வரை ரூ.10,000, மாநிலம் முழுவதற்கும் ரூ.25,000 எனக் கட்டணத்தைச் சட்டமே நிர்ணயித்துள்ளது. விண்ணப்பத்தின் மீது 60 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இந்த நடைமுறையை எளிதாக்க மத்திய உள்துறை அமைச்சகம் 2019-இல் தனி இணையதளத்தைத் தொடங்கியது.

கருவியைப் பொருத்திவிட்டுச் செல்லும் கடைக்காரரைப் பற்றி இச்சட்டம் தனியே எதுவும் கூறவில்லை. ஆனால், 'அலாரம் ஒலித்தால் எங்கள் ஆள் வருவார்' என்று மாதக் கட்டணம் பெறும் நிறுவனத்திடம் உரிமத்தின் நகலைக் கேட்டுப் பெறுவது நல்லது. நள்ளிரவில் வீட்டு வாசலுக்கு வரப்போகும் ஆள் யார், அவரது பின்னணி சரிபார்க்கப்பட்டதா என்பதற்கு உள்ள ஒரே அடிப்படை ஆவணம் அதுதான்.

கருவியும் சிம் அட்டையும்

கம்பியில்லா அலாரங்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளில் இயங்குகின்றன. நிர்ணயிக்கப்பட்ட குறைந்த திறனுக்குள் இயங்கும் வரை இவற்றுக்குத் தனி அலைவரிசை உரிமம் தேவையில்லை என மத்திய அரசு விலக்கு அளித்துள்ளது. ஆயினும் வெளிநாட்டு இணையதளங்களிலிருந்து நேரடியாக வரவழைக்கும் கருவிகள், இந்தியாவில் விலக்கு பெறாத அலைவரிசையில் இயங்கக்கூடும் என்பதால் வாங்கும் முன் பெட்டியில் உள்ள விவரத்தைப் பார்க்க வேண்டும்.

திருட்டு நடக்கும்போது கைப்பேசிக்கு அழைப்பு விடுக்கும் அலாரத்தில் ஒரு சிம் அட்டை இருக்கும். வேலை விரைவாக முடியும் என்பதற்காகப் பொருத்துநர் தம் கையில் உள்ள ஏதோ ஒரு சிம் அட்டையைப் போட்டுத் தர முன்வந்தால் ஏற்கக் கூடாது. ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் அட்டை பெறுவதற்கு, தொலைத்தொடர்புச் சட்டம், 2023 மூன்று ஆண்டுகள் வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம் என வகை செய்கிறது. அட்டை உரிமையாளரின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

கண்காணிப்பு கேமராக்களைப் பொருத்தவரை, 2025 ஏப்ரல் 9 முதல் புதிய விதி நடைமுறையில் உள்ளது. மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் 2024 ஏப்ரல் அறிவிக்கையின்படி, இணையவழி ஊடுருவலைத் தாங்கும் திறன் சோதிக்கப்பட்ட பிறகே கேமராக்களைச் சந்தைக்குக் கொண்டுவர முடியும். இது உற்பத்தியாளருக்கும் இறக்குமதியாளருக்குமான நிபந்தனை. வாங்குபவர் செய்ய வேண்டியது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் கருவியில் உள்ளதா என்று பார்ப்பது மட்டுமே.

ஒலிக்கும் எல்லை உண்டு

ஒலி மாசு (ஒழுங்குமுறை, கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது வரம்பு. வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ ஒலி கூடினால் புகார் அளிக்கலாம். சாதாரண வீட்டு சைரனே 100 டெசிபலை எட்டும். உண்மையான திருட்டின்போது சில நிமிடங்கள் ஒலிப்பதை எவரும் குறை கூறப்போவதில்லை; பூட்டிய வீட்டில் பல்லி ஓடியதற்காக விடியும் வரை ஒலித்தால் நிலைமை வேறு. ஐந்து நிமிடங்களில் தானாக நிற்கும்படி அமைத்துவிட்டு, மாற்றுச் சாவியையும் கடவுச்சொல்லையும் அருகில் வசிக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுத்துச் செல்வது பயன் தரும்.

வீட்டுக்குள்ளும் ஒப்புதல் தேவை

அனுமதி என்ற சொல் உண்மையில் பொருந்தும் இடம் இதுவே. ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களுக்கு இடையிலான வழக்கில், உடன் வசிப்பவர்களின் ஒப்புதல் இன்றி வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கண்காணிப்பு கேமராக்களை இயக்குவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்த மனுவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் தள்ளுபடி செய்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017-ஆம் ஆண்டின் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பே இதற்கு அடித்தளம்.

கூட்டுக் குடும்பங்களுக்கும், வாடகைதாரர் உள்ள வீடுகளுக்கும், வீட்டுப் பணியாளர்கள் தங்கும் இல்லங்களுக்கும் இத்தீர்ப்பு முக்கியமானது. வீடு ஒருவர் பெயரில் இருக்கிறது என்பதாலேயே உள்ளே வாழும் அனைவரையும் படம்பிடிக்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. ஒருவரின் அந்தரங்க உடற்பகுதிகளை அவரது ஒப்புதல் இன்றிப் படம்பிடிப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எனவே குளியலறை, படுக்கையறை, பணியாளர் உறங்கும் இடம் ஆகியவற்றை நோக்கிக் கேமரா வைப்பது பாதுகாப்பு ஏற்பாடு என்ற வாதத்தால் காப்பாற்றப்படாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கதவுக்கு உள்ளே பொருத்தும் சென்சாருக்கு எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. கதவுக்கு வெளியே உள்ள நடைபாதை பொது இடம். அங்கு கேமராவோ கம்பியோ சைரனோ பொருத்தச் சங்கத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுவது வழக்கு வராமல் தடுக்கும். எதிர் வீட்டின் கதவு திறக்கும்போது உட்புறம் தெரியாதபடி கேமராவின் கோணத்தைத் திருப்பி வைப்பதும் அவசியம்.

காவல் துறையின் பதிவுச் சேவை

காவல் துறை மாநிலங்களின் அதிகார வரம்புக்கு உள்பட்டது என்பதால் இதில் சீரான நடைமுறை இல்லை. ஆந்திரப் பிரதேச காவல் துறை, பூட்டிய வீடுகளைக் கண்காணிக்கும் செயலியை நடத்துகிறது. பயணத்துக்கு முன் பதிவு செய்தால், அசைவை உணரும் கேமராவைக் காவல் துறையினரே வீட்டில் பொருத்துவர். யாரேனும் நுழைந்தால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் செல்லும். கேரள காவல் துறை, அம்மாநில அரசு நிறுவனமான கெல்ட்ரானுடன் இணைந்து, வீடுகளிலும் நிறுவனங்களிலும் உள்ள அலாரங்களைத் தலைமைக் கட்டுப்பாட்டு அறையுடன் இணைக்கும் கட்டணச் சேவையை 2019-இல் தொடங்கியது; பூட்டிய வீடு குறித்துக் கைப்பேசிச் செயலி வழியே தெரிவிக்கவும் வசதி உள்ளது.

தெலங்கானா, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் உள்ள பொதுப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டங்கள், மக்கள் பெருமளவில் கூடும் வணிக வளாகங்கள், மருத்துவமனைகள் போன்றவற்றில் கேமராக்களைக் கட்டாயமாக்குகின்றன. தனி வீட்டுக்கு அலாரம் உரிமம் கோரும் சட்டங்கள் அல்ல அவை.

இத்தகைய சேவை இல்லாத ஊர்களில், பயண நாள்கள், வீட்டு முகவரி, சாவி வைத்திருப்பவரின் கைப்பேசி எண் ஆகியவற்றை எழுதி உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெறலாம். இதற்குக் கட்டணம் இல்லை. அலாரம் ஒலித்த செய்தி கைப்பேசிக்கு வந்தால், முதலில் கேமராவிலோ அண்டை வீட்டார் மூலமோ உறுதி செய்துகொண்டு, 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து அழைக்கும்போது அந்த அழைப்பு, அழைப்பவர் இருக்கும் மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறைக்கே செல்லும். ஆதலால் சொந்த ஊர்க் காவல் நிலையத்தின் நேரடித் தொலைபேசி எண்ணையும் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பது அவசியம்.