போஞ்சியும் கோப்பியும்: உணவுச் சொற்களில் டச்சுத் தடம்

ஆனைமலைச் சந்தையில் ‘பீன்ஸ்’ என விற்கப்படும் காய், யாழ்ப்பாணத்தில் ‘போஞ்சி’ என வழங்குகிறது. இவ்விரு பெயர்களும் இருவேறு காலனிய வரலாறுகளின் பதிவுகள். கொங்குப் பகுதி டச்சுக்காரரின் ஆட்சிக்கு உட்பட்டதில்லை. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் வசமாயிற்று. யாழ்ப்பாணமோ 1658 முதல் 1795 வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகையில் இருந்தது.

டச்சு மொழியில் இக்காயினத்தின் பெயர் ‘போன்’. அதனுடன் சிறுமைப்பொருள் விகுதி சேர்ந்து ‘போன்ட்யெ’ என்றாகும். பேச்சில் அதன் ஈறு ஞகர சகரச் சாயல் பெறும். ‘போஞ்சி’ என்பதன் ஈறு அவ்விகுதியின் எச்சமே. ஆங்கிலச் சொல்லில் இதற்கு இடமில்லை. அக்கம்பெனி ஆண்ட பிற நிலங்களின் மொழிகளும் இதற்குச் சான்றாகின்றன: சிங்களத்தில் ‘போஞ்சி’, இந்தோனேசிய மொழியில் ‘புஞ்சிஸ்’.

‘கோப்பி’யின் நிலை வேறு. டச்சுச் சொல்லான ‘கோஃபி’யுடன் அது ஒலியால் நெருங்குகிறது. ஆயினும் ஆங்கில ஒகரத்தை ‘டொக்டர்’ எனப் பேணுவது ஈழத்தமிழ் மரபு. ஆனைமலையின் ‘காப்பி’யோ ‘டாக்டர்’ போல ஆகாரம் பெற்றது. இலங்கையில் காப்பிப் பயிர் பெருந்தோட்டமாக விரிந்ததும் ஆங்கிலேயர் காலத்தில்தான். எனவே ‘கோப்பி’யை மட்டும் கொண்டு டச்சுத் தாக்கத்தை நிறுவ இயலாது.

ஒலியொப்புமை ஐயத்தை எழுப்பும், முடிவைத் தராது. விகுதியின் எச்சம், அண்டை மொழிச் சான்று, ஆட்சி வரலாறு ஆகிய மூன்றும் பொருந்தும்போதே கடன்சொல் உறுதிப்படும். டச்சு உணவுச் சொற்களை அவற்றின் விகுதிகளோடு கற்பது, ஆவண வாசிப்புக்கு மட்டுமன்றித் தமிழ்ச் சொற்பிறப்பாய்வுக்கும் இன்றியமையாதது.