ஒரு கிராமம் செய்த மனித உடல்

பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில், வயல்களுக்கு நடுவே சேன்-ஓபேன்-தெக்ரோவில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரர்கள் செய்த இதயமும் நுரையீரலும் கருப்பையும் ஐரோப்பாவின் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போயின, கடல் தாண்டியும் போயின. எல்லாம் காகிதக்கூழில் ஆனவை. கொக்கியைக் கழற்றினால் மார்புச்சுவர் தனியே வரும், அதன்பின் நுரையீரல், அதற்கும் உள்ளே இதயம். இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் அதே ஊரில் 1797-இல் பிறந்த லூயி ஓசூ.

ஓசூ பாரிஸில் மருத்துவம் படித்த நாட்களில் உடற்கூற்றியல் என்றாலே பிணவாடைதான். குளிர்பதன வசதி கிடையாது. கோடையில் சடலம் ஓரிரு நாளில் அழுகிவிடும் என்பதால் அறுவைப் பாடங்களைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கி வைத்தார்கள். அறுக்கும்போது விரலில் சிறு கீறல் பட்டாலே நச்சு ஏறி மாணவர் இறந்துபோவதும் உண்டு. பாரிஸிலாவது மருத்துவமனைகளில் கேட்பாரற்றுக் கிடந்த உடல்கள் கல்லூரிக்கு வந்தன. பிரிட்டனில் அதற்கும் வழியில்லை. அங்கே கல்லறையைத் தோண்டிப் பிணம் திருடி விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் அதையும் தாண்டிப் போனார்கள். 16 பேரைக் கொன்று, உடல்களை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூற்று ஆசிரியரிடம் விற்றார்கள். நாடே அதிர்ந்தது. 1832-இல் உடற்கூற்றுச் சட்டம் வந்த பிறகே இந்தச் சந்தை அடங்கியது.

சடலம் இல்லாமலேயே உடலைக் கற்பிக்க முடியாதா என்ற கேள்வி ஓசூவுக்கு முன்பே எழுந்திருந்தது. இத்தாலியர்கள் மெழுகில் விடை தேடினார்கள்.

அவர்களில் போலோன்யா நகரின் அன்னா மொராந்தியைத் தனியே சொல்ல வேண்டும். கணவர் ஜோவன்னி மன்ஸோலினியோடு சேர்ந்து தன் வீட்டிலேயே உடல்களை அறுத்து ஆராய்ந்து, பார்த்ததை மெழுகில் வடித்தவர் அவர். 1755-இல் கணவர் இறந்த பிறகும் வேலை நிற்கவில்லை. அவர் வீட்டுக்கு மாணவர்கள் பாடம் கேட்க வந்தார்கள், போலோன்யா பல்கலைக்கழகமும் அவரை அங்கீகரித்தது. கண்ணை அசைக்கும் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் செய்த மாதிரிகள் இன்றும் அந்நகரின் பொஜ்ஜி மாளிகையில் உள்ளன. தன்னுருவத்தையும் அவர் மெழுகில் செய்தார். பட்டாடையும் முத்துமாலையும் அணிந்த ஒரு பெண், கையில் கருவியுடன், திறந்து வைத்த மூளையின் முன் அமர்ந்திருக்கிறாள். பெண்கள் கல்லூரிப் படியேறுவதே அரிதாக இருந்த காலத்தில் ஒருத்தி தன்னை இப்படிக் காட்டிக்கொண்டது பெரிய துணிவு.

ஃபுளோரன்ஸில் இதே வேலை அரச ஆதரவோடு நடந்தது. 1775-இல் பொதுமக்களுக்குத் திறந்த லா ஸ்பெகோலா அருங்காட்சியகத்தில், ஃபெலிச்சே ஃபொந்தானாவின் மேற்பார்வையில் கிளெமென்தே சுசினி போன்ற கலைஞர்கள் முழு உடல்களையே மெழுகில் வார்த்தார்கள். அவற்றைக் கண்டு வியந்த பேரரசர் இரண்டாம் யோசேப், வியன்னாவில் படைமருத்துவர்களைப் பயிற்றுவிப்பதற்காக 1,192 மாதிரிகளை வரவழைத்தார். கோவேறு கழுதைகளின் முதுகில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போனவை அவை.

ஆனால் மெழுகைத் தொடக்கூடாது. தொட்டால் உடையும், வெயில் பட்டால் இளகும். மாணவர் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஈரலைத் தூக்கினால்தானே அதன் அடியில் பித்தப்பை எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரியும்! ஃபொந்தானாவே இந்தக் குறையை உணர்ந்து, கழற்றி மாட்டக்கூடிய மர உடல் ஒன்றைச் செய்யப் பல ஆண்டுகள் பாடுபட்டார். ஈரக்காற்றில் மரம் உப்பியது, வறண்டால் சுருங்கியது, ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய துண்டுகள் பொருந்தாமல் போயின.

ஓசூ எடுத்துக்கொண்டது காகிதம். நம்மூரில் கொலு பொம்மை செய்கிறவர்களைப் போலக் காகிதக்கூழை அச்சில் அழுத்தி எடுப்பதே அடிப்படை முறை. ஆனால் கூழின் சேர்மானத்தில் அவர் நிறையப் பரிசோதனை செய்தார். காகிதத்துணுக்கு, பசை, சுண்ணப்பொடி ஆகியவற்றோடு தக்கைப்பொடியும் சேர்ந்தது. அச்சுக்குள் முதலில் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, அதன்மேல் இந்தக் கூழை வைத்து அழுத்துவார்கள். காய்ந்தால் கல்போல இறுகும், எடையோ குறைவு. இரத்தக்குழாய்களுக்கும் நரம்புகளுக்கும் கம்பியின் மேல் நூல் சுற்றினார்கள். வண்ணம் பூசி, வார்னிஷ் தடவி, ஒவ்வொரு உறுப்பின் மேலும் எண் அச்சிட்ட சிறு சீட்டை ஒட்டினார்கள். எதை முதலில் கழற்றுவது, எதை அடுத்து என்று அந்த எண்களே வழிகாட்டும்.

1822-இல் பாரிஸ் மருத்துவ அகாடமியின் முன் ஓசூ தன் முதல் மாதிரியை வைத்தார். அப்போது அவருக்கு வயது 25. சில ஆண்டுகளில் 129 துண்டுகளாகப் பிரியும் முழு மனித உடல் தயாரானது. 1828-இல் பிறந்த ஊரிலேயே பட்டறை எழுந்தது.

உழவும் நெசவும் தெரிந்த ஊர்க்காரர்களையே ஓசூ வேலைக்கு எடுத்தார், பெண்களும் அவர்களில் இருந்தார்கள். கூழ் பிசையவும் கம்பி சுற்றவும் சொல்லிக்கொடுத்ததோடு நிறுத்தாமல் உடற்கூற்றையும் கற்பித்தார். இந்தக் கதையில் மிகவும் போற்றத்தக்கது இதுதான். கையில் இருப்பது எந்த நரம்பு, எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று தெரியாதவரால் அதைச் சரியாக ஒட்ட முடியாதல்லவா? ஒருவர் செய்த விலாக்கூட்டுக்குள் இன்னொருவர் செய்த நுரையீரல் அடங்க வேண்டும், அதன் நடுவே மூன்றாமவரின் இதயம் உட்கார வேண்டும். ஒருவர் கை பிசகினால் மற்றவர்கள் உழைப்பும் வீண். மருத்துவம் படிக்காத ஓர் ஊர் மருத்துவர்களுக்குப் பாடக்கருவி செய்து கொடுத்தது இப்படித்தான்.

ஆளுயர மாதிரியின் விலை 3,000 பிராங்க். அன்றைக்கு அது சிறிய தொகை அல்ல. ஆனாலும் சடலம் போல அழுகாது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்பதால் கல்லூரிகள் வாங்கின. குறைந்த விலையில் சிறிய உருவங்களும் வந்தன. கருவின் வளர்ச்சியைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கருப்பை வரிசை பேறுகாலப் பயிற்சிக்கு உதவியது. போர் அமைச்சகத்துக்காக முழுக் குதிரை ஒன்றும் உருவானது. பல்லைப் பார்த்துக் குதிரையின் வயதைக் கணிக்கப் பழகுவதற்கென்றே தாடைகளின் தொகுப்பும் விற்பனைக்கு வந்தது. பட்டுப்புழு, நத்தை, அட்டை, பூக்கள் என்று பட்டியல் நீண்டது. 1880-இல் ஓசூ இறந்த பிறகும் பட்டறை ஓடியது. 20ஆம் நூற்றாண்டில் பிளாஸ்டிக் வந்து காகிதத்தின் இடத்தைப் பிடித்தது. ஓசூவின் காகித உடல்கள் இப்போது கேம்பிரிட்ஜின் விப்பிள், லைடனின் பூர்ஹாவே போன்ற அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பிறந்த ஊருக்கு அருகிலுள்ள ல நெபூர் நகரில் இவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

இன்று பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உடல் மண்டலங்களைச் செய்கிறார்கள். வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் இரண்டு பலூன், அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர்த் தோல். அதைக் கீழே இழுத்தால் பலூன்கள் விரியும், உதரவிதானத்தின் வேலை புரிந்துவிடும். நல்ல மாதிரி. ஆனால் பெரும்பாலும் செரிமானம் ஒரு மேசையில், சுவாசம் ஒரு மேசையில், இரத்த ஓட்டம் ஒரு மேசையில் என்று தனித்தனியாகவே நின்றுவிடுகின்றன. ஓசூவின் பட்டறையில் நடந்தது போல எல்லாக் குழுக்களும் சேர்ந்து ஒரே உடலைச் செய்யும்படி ஆசிரியர் சொன்னால் வேலை கடினமாகும், கேள்விகளும் கூடும். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம் என்று இதயக் குழு தீர்மானித்திருக்கும். நுரையீரலுக்குப் போகும் தமனியில் இருப்பதோ ஆக்சிஜன் குறைந்த இரத்தம். அதற்கு எந்த வண்ணம் பூசுவது என்று கேட்க நுரையீரல் குழு இதயக் குழுவின் மேசைக்குப் போயாக வேண்டும்.