ஊருக்கே தெரிந்த ரகசியம்

"கல்வராயன் மலையில் ஆயிரம் லிட்டர் சாராய ஊறல் அழிப்பு". இந்தத் தலைப்பைப் படிக்காம எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் எவனும் வளர்ந்திருக்க முடியாது. பேப்பர்ல மாவட்டச் செய்திப் பக்கம், கீழ் மூலை, போலீஸ்காரர் ஒருத்தர் பேரலைக் காலால கவிழ்க்கிற மாதிரி ஒரு படம். லிட்டர் கணக்கு மட்டும் மாறும். படம்கூட அதே படமோன்னு எனக்குச் சின்ன வயசுல சந்தேகம் உண்டு :) (ஊறல்னா தெரியாத பட்டணத்து நண்பர்களுக்கு: வெல்லத்தைக் கரைச்சு, கடுக்காய், மரப்பட்டைன்னு எதையாவது போட்டு பேரல்ல புளிக்க வைக்கிறது. அதைக் காய்ச்சினா சாராயம்.)

போன வாரம் நண்பர் ஒருத்தரோட டீக்கடைல பெரிய வாக்குவாதம். அரசாங்கம் ஜனங்ககிட்ட ரகசியம் வச்சுக்கலாமா கூடாதான்னு. அவர் ராணுவம், உளவுத்துறை, அணுகுண்டுன்னு பெரிய லெவல்ல பேசிக்கிட்டிருந்தார். எனக்கு அந்தப் பேரல் படம்தான் ஞாபகம் வந்தது. அங்கே சொல்ல முடியாம போனதை இங்கே எழுதறேன்.

முதல்ல நண்பர் கட்சிக்கு வருவோம். சில ரகசியம் வேணும்தான். பிளஸ் டூ கேள்வித்தாளை முந்தின நாளே போஸ்டர் அடிச்சு ஒட்ட முடியுமா? 1998 மே மாசம் பொக்ரான்ல குண்டு வெடிக்கிற வரைக்கும் அமெரிக்க சாட்டிலைட்டுக்கே தெரியாம வச்சிருந்தாங்க. அணுகுண்டு வேணுமா வேண்டாமாங்கறது தனிச் சண்டை. ஆனா செய்யறதுன்னு முடிவு பண்ணின பிறகு முன்கூட்டியே சொல்லிட்டுச் செய்யற காரியம் இல்லை அது. இந்த மாதிரி ரகசியத்துக்கெல்லாம் ஒரு கடைசித் தேதி இருக்கு. பரீட்சை மணி அடிச்சதும் கேள்வித்தாள் ரகசியம் செத்துப் போச்சு. பொக்ரான் ரகசியம் அன்னிக்கு சாயங்காலம் பிரதமரே நிருபர்கள் முன்னாடி வந்து உடைச்சதும் முடிஞ்சு போச்சு.

வம்பு எங்கேன்னா, தேதியே இல்லாத ரகசியங்கள்ல. 1962 சீனப் போர்ல எங்கே கோட்டை விட்டோம்னு ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963ல எழுதிக் கொடுத்தாச்சு. அறுபது வருஷத்துக்கு மேல ஆகியும் அரசாங்கம் அதை முழுசா வெளியிடல. 2014ல ஒரு ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஒரு பகுதியை இணையத்தில் போட்டதுதான் நாம பார்த்தது. 1965ல அமெரிக்க உளவுத்துறையும் நம்ம உளவுத்துறையும் சேர்ந்து சீனாவை வேவு பார்க்க நந்தாதேவி மலைக்கு புளூட்டோனியம் வச்ச ஒரு கருவியைத் தூக்கிட்டுப் போய், பனிப்புயல்ல அங்கேயே விட்டுட்டு வந்து, அடுத்த வருஷம் போய்ப் பார்த்தா காணோம்! கங்கைக்குத் தண்ணி கொடுக்கிற மலை அது. 1978ல ஒரு அமெரிக்கப் பத்திரிகை எழுதின பிறகுதான் மொரார்ஜி தேசாய் பார்லிமெண்ட்ல ஒத்துக்கிட்டார். சீனாக்காரனுக்குத் தெரியக்கூடாதுன்னு ஆரம்பிச்ச ரகசியம், கடைசில கங்கைத் தண்ணி குடிக்கிறவனுக்குத் தெரியக்கூடாத ரகசியமா ஆயிடுச்சு.

இதுக்கெல்லாம் குடை பிடிக்கிற சட்டம் வெள்ளைக்காரன் 1923ல போட்ட அலுவலக ரகசியச் சட்டம். அவன் போயும் அது போகல. அதுக்கு எதிரா கோர்ட்ல ஒரு நல்ல குரல் கேட்டது 1975 ஜனவரியில். ராஜ் நாராயண்ங்கறவர் இந்திரா காந்தி மேல தேர்தல் வழக்கு போட்டிருந்தார். பிரதமர் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கின 'நீலப் புத்தக'த்தைக் காட்டுன்னு கேட்டார். அரசாங்கம் முடியாதுன்னுச்சு. சுப்ரீம் கோர்ட் அரசாங்கம் சொன்னதை அப்படியே ஏத்துக்கல, நீதிபதியே வாங்கிப் பார்த்து முடிவு பண்ணட்டும்னு திருப்பி அனுப்பினது. அதிலேதான் நீதிபதி கே.கே. மாத்யூ, அதிகாரிகள் பொதுவில் செய்யற ஒவ்வொரு காரியத்தையும் தெரிஞ்சுக்கிற உரிமை மக்களுக்கு உண்டுங்கற கருத்தை எழுதினார். எழுதி அஞ்சு மாசம்தான். அதே ராஜ் நாராயண் வழக்கில் அலகாபாத் தீர்ப்பு வந்து, ஜூன் 25 ராத்திரி எமர்ஜென்சி. பத்திரிகைக்கெல்லாம் தணிக்கை.

தமிழ்நாட்டுக்கு அதோட முழு உறைப்பும் 1976 ஜனவரி 31ல திமுக ஆட்சியைக் கலைச்ச பிறகுதான் தெரிஞ்சது. யார் யாரைப் பிடிச்சு உள்ளே போட்டாங்கன்னு பேப்பர்ல போட முடியாது. குடும்பத்துக்காரங்களுக்கே சரியாத் தெரியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். முரசொலியில கருணாநிதி என்ன பண்ணினார்னா, அண்ணா சமாதிக்கு மலர் வைக்க வர முடியாதவங்கன்னு மாவட்ட வாரியா ஒரு பேர்ப் பட்டியல் போட்டார். தணிக்கை அதிகாரி கண்ணுக்கு அது அஞ்சலி விளம்பரம். படிச்சவங்களுக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. (அரசியல்ல அவரைப் பிடிக்காதவங்களும் இந்த ஒரு விஷயத்துக்கு ஒரு சபாஷ் போட்டுத்தான் ஆகணும்.) சென்னை மத்திய சிறையில அடி உதை நடந்ததெல்லாம் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் வந்து விசாரிச்சப்பதான் அரசாங்கக் காகிதத்துல ஏறுச்சு.

இங்கேதான் எங்க மலை வருது.

அதே 1976லதான் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையை விட்டு முழுசா அரசாங்கத்துக்கு வந்தது. ஆமா, நம்ப மாட்டீங்க, நாடு விடுதலை ஆகி 29 வருஷம் கழிச்சு! சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு ஜாகிர்தார்கள். கிருஷ்ணதேவராயர் காலத்துல கொடுத்த பட்டயம்னு மலையில சொல்லுவாங்க. வரி அவங்களுக்கு, வெட்டி வேலையும் அவங்களுக்குன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். கீழே கச்சிராயபாளையத்துல இருந்து பார்த்தா தெரியற மலை. அங்கே ராஜா காலத்து ஆட்சி நடந்துக்கிட்டிருந்ததை யாரும் மறைச்சு வைக்கல. எல்லாருக்கும் தெரியும். ஆனா அரசாங்கக் கணக்குல அங்கே மனுஷங்க பேர் பாதி இல்லை. அந்த ஜனங்க 1996ல்தான் முதன்முதலா ஓட்டுப் போட்டாங்கங்கற விஷயம், 2024ல சென்னை உயர்நீதிமன்றம் தானாக எடுத்த வழக்குல பேசப்பட்டப்பதான் வெளியூர்க்காரங்களுக்கே எட்டுச்சு.

நண்பரோட உளவுத்துறை ரகசியங்களை விட எனக்கு இந்த வகைதான் பயமா இருக்கு. பீரோவுல பூட்டி வச்சதுன்னா எவனாவது ஒருத்தன் ஒரு நாள் பூட்டை உடைப்பான். ஊருக்கே தெரியும், ஆனா ஆபீஸ் காகிதத்துக்கு மட்டும் தெரியாதுன்னா எந்தப் பூட்டை உடைக்கிறது?

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. கள்ளக்குறிச்சி டவுன் கருணாபுரம். கூலி வேலை பார்க்கிற ஜனங்க இருக்கிற இடம். பக்கத்துலயே கோர்ட், போலீஸ் ஸ்டேஷன். அங்கே பாக்கெட் சாராயம் விக்கிறது யாருக்குத் தெரியாது? அன்னிக்கு வித்ததுல மெத்தனால் கலந்திருந்தது. மறுநாள் காலைல இருந்து சாவு விழ ஆரம்பிச்சது. முதல் சில சாவு நடந்தப்ப அன்றைய கலெக்டர் நிருபர்கள்கிட்ட பேசினார். கள்ளச்சாராயத்தால் செத்தாங்கங்கறதை மறுத்தார். ஒருத்தருக்கு வலிப்பு, ஒருத்தருக்கு வயித்து உபாதைங்கற மாதிரி வேற காரணங்கள் சொல்லப்பட்டது.

மெத்தனாலைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது, சாதாரண போதைதான். ஈரல் அதை மெதுவா ஃபார்மிக் அமிலமா மாத்தும். அரை நாள், சில பேருக்கு ஒரு நாள்கூட ஆகும். அப்புறம்தான் வயித்து வலி, கண் மங்கறது, மூச்சு வாங்கறது. இதுக்கு மாத்து மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. சீக்கிரம் வந்தா பிழைக்கலாம். அதாவது, புதன்கிழமை காலைல கருணாபுரத்துல நல்லா நடமாடிக்கிட்டிருந்த ஒருத்தனுக்கு, "நேத்து குடிச்சது விஷம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ"ங்கற ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. அதிகாரி வாயில இருந்து வந்தது சாராயம் இல்லைங்கற வாக்கியம். அதைக் கேட்டு நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தவங்க, சாவு வீட்டுக்கு வந்த இடத்துல அதையே வாங்கிக் குடிச்சவங்கன்னு எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி குற்றம் சாட்டினார். எத்தனை பேர் அப்படின்னு என்னால சொல்ல முடியாது. ஒருத்தர்னாலும் ஒருத்தர்தானே.

நியாயமாப் பேசணும்னா, காலைல ரத்தப் பரிசோதனை முடிவு கையில இருந்திருக்காது. வதந்தி பரவி கலவரம் ஆயிடுமோன்னும் பயந்திருக்கலாம். சரி. "இன்னும் உறுதியா தெரியல, ஆனா யாரும் பாக்கெட் சாராயம் தொடாதீங்க, நேத்து குடிச்சவங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க"ன்னு சொல்ல எந்த லேப் ரிப்போர்ட்டும் வேண்டாமே! அதுக்கு ஒரு தடைதான் இருந்திருக்க முடியும். அப்படிச் சொன்னா, கோர்ட்டுக்குப் பக்கத்துல சாராயம் விக்குதுன்னு அரசாங்கமே மைக்கில் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அன்னிக்கே கலெக்டர் மாற்றம், எஸ்.பி. சஸ்பெண்ட். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், ஜிப்மர்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஆம்புலன்ஸ். அறுபதுக்கும் மேல சாவு. அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைங்க உண்டு. செத்தவங்க குடும்பத்துக்குப் பத்து லட்சம், நீதிபதி கோகுல்தாஸ் கமிஷன், சிபிசிஐடி. நவம்பர்ல உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாத்துச்சு, டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் அதுல தலையிடல.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து. கெட்ட பேர் முழுக்க மலைக்கு. எங்கே பார்த்தாலும் "கல்வராயன் மலைச் சாராயம்". மலையில ஊறல் போடறது பொய் இல்லை. ஆனா அன்னிக்குக் கொன்னது வெல்லமும் கடுக்காயும் இல்லை, தொழிற்சாலை மெத்தனால். அது மலையில விளையாது. கீழே இருந்து, சென்னைப் பக்கத்துல இருந்து கை மாறி வந்ததுன்னு விசாரணையில செய்தி வந்தது. முந்தின வருஷம் மே மாசம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் இருபதுக்கும் மேல செத்தாங்களே, அதுவும் இதே மெத்தனால்தான். அப்பவே தெரிஞ்ச பாடம்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கேன்னு நண்பர் கேட்டார். இருக்கு. பெருமையா சொல்லிக்கலாம், இந்தியாவிலேயே முதல்ல 1997ல இப்படி ஒரு சட்டம் போட்டது தமிழ்நாடுதான். விதிவிலக்குப் பட்டியலே சட்டத்தை விட நீளமோன்னு தோணும், அது வேற விஷயம். 2005ல மத்திய சட்டம் வந்தது. நல்ல சட்டம். 2008ல நம்ம மாநில அரசு லஞ்ச ஒழிப்புத் துறையை அதுல இருந்து விலக்கி அரசாணை போட்டதைப் பார்த்தா, எதை மறைக்க ஆசைப்படறாங்கன்னு புரியும். அந்தச் சட்டத்துல 7வது பிரிவுல ஒரு அருமையான வரி இருக்கு. சாதாரணமா 30 நாள்ல பதில் தரணும், ஒருத்தர் உயிர் சம்பந்தப்பட்ட தகவல்னா 48 மணி நேரத்துல தரணும்.

ஊர்ல சித்தப்பாகிட்ட போன்ல இதைப் பெருமையாச் சொன்னேன். அவர் அந்த வாரம் கோமுகி ஆத்தங்கரைக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தவர். வரிசையா எரிஞ்சதைப் பார்த்தவர்.

"நாப்பத்தெட்டு மணி நேரமாடா?"ன்னார். "செவ்வாக்கிழமை குடிச்சான், புதன்கிழமை போயிட்டான். மனு எழுத பேனா வாங்கிட்டு வர்றதுக்குள்ள காடு சேர்ந்துட்டானே."

அப்புறம் மழை பெய்யுதா, மரவள்ளி என்ன வெலைன்னு பேசிட்டு வச்சுட்டோம்.

ஜாகிர்தார் கதையை இன்னும் விரிவா தனியா எழுதணும்னு இருக்கேன். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் வேலை பார்த்தவங்க, பெரியவங்ககிட்ட கேட்டவங்க யாராவது இருந்தா, 1976க்கு முந்தி மலையில வரி ரசீதுன்னு ஏதாவது பார்த்திருக்கீங்களான்னு சொல்லுங்க.