ரமளானில் ஒரு போர்: விக்கிரவாண்டி, ஹிஜ்ரி 1165

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டி என்றதும் சுங்கச்சாவடியும் தஞ்சைக்குப் பிரியும் சாலையுமே இன்று பலருக்கு நினைவில் எழும். இவ்வூரில் 1752-ஆம் ஆண்டில் ஒரு போர் நிகழ்ந்தது. ஆம்பூரையும் ஆற்காட்டையும் வந்தவாசியையும் அறிந்த நம் மாணவர்களுள் இதனைக் கேள்வியுற்றோர் மிகச் சிலரே.

பாடநூல்கள் இக்காலத்துச் சண்டைகளை ‘இரண்டாம் கர்நாடகப் போர்’ எனப் பெயரிட்டு, ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையிலான பகையாகவே எழுதிச் செல்கின்றன. அப்பெயர் நமக்கு உடன்பாடன்று. அடிப்படையில் அது ஆற்காட்டு நவாபுப் பட்டத்துக்காக இரு முஸ்லிம் குடும்பங்கள் தமக்குள் நடத்திய உள்நாட்டுப் போர். ஒருபுறம் நவாயத்துகளின் நவாப் தோஸ்த் அலீ கானின் மருமகன் ஹுஸைன் தோஸ்த் கான். சந்தா சாஹிப் என்றால் எல்லாருக்கும் தெரியும். மறுபுறம், 1744-இல் நிஜாமுல் முல்க்கின் ஆணையால் ஆற்காட்டுக்கு வந்த கோபாமவு அன்வருத்தீன் கானின் குடும்பம். மராட்டியர் சிறையில் ஏழாண்டு இருந்து மீண்ட சந்தா சாஹிப், பிரெஞ்சுக்காரரின் துணையோடு 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் அன்வருத்தீனை வீழ்த்தினார். அன்வருத்தீனின் மகன் முஹம்மது அலீ திருச்சிராப்பள்ளிக்குள் புகுந்து கும்பெனியாரின் கையைப் பற்றினார். இரு வீட்டாரும் தத்தம் பங்காளியை வெல்லக் கடல் கடந்து வந்தவனின் பீரங்கியை நாடினர் என்பதே இதன் சுருக்கம்.

1752 ஜூன் மத்தியில், ரஜப் முடிந்து ஷஃபான் பிறக்கும் தறுவாயில், ஸ்ரீரங்கத்தில் சிக்குண்ட சந்தா சாஹிப் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்து கொல்லப்பட்டார். போர் அத்துடன் முடிந்ததெனச் சென்னைக் கோட்டையில் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி அதனை ஓரிரவில் கைப்பற்றிய செய்தி நாடெங்கும் பரவி அவர்களுக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்திருந்தது. கவர்னர் சாண்டர்ஸ் அம்மதிப்பைக் குலைக்க விரும்பினார். களமறிந்த தளபதி லாரன்ஸ் எதிர்த்துரைத்தும் பயனில்லை. ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்திறங்கிய மேஜர் கின்னீரிடம் படை ஒப்படைக்கப்பட்டது. ராபர்ட் ஓர்மே தரும் கணக்கின்படி அதில் ஐரோப்பியர் 200 பேர், சிப்பாய்கள் 1500 பேர், நவாபின் குதிரை வீரர் 600 பேர்.

செஞ்சிக் கோட்டைத் தலைவர் பணிய மறுத்தார். மலைமீது ஏறிய அம்மதில்களைக் கண்ட பிறகே தம் படை அதற்குப் போதாதென்று கின்னீர் உணர்ந்தார். இதற்கிடையே டியூப்ளே தம் உறவினர் கெர்ஜானை 300 ஐரோப்பியர், 500 சிப்பாய்கள், 7 பீரங்கிகளுடன் விக்கிரவாண்டிக்கு அனுப்பிவிட்டார். எதிரிக்கும் கடற்கரைக்கும் நடுவே அப்படை நின்றது. கின்னீர் அதன்மேல் திரும்பினார். ஊரின் பெரும்பகுதியைச் சுற்றி ஓர் ஓடை அகழிபோல் ஓடியது. இடிந்த வீடுகளின் சுவர்களையே அரணாக்கி, பீரங்கிகளுக்கு இடையிடையே வழி விட்டிருந்தனர். ஓடை சூழாத பக்கமும் இருந்தது. அவ்வழியே எளிதில் நுழைந்திருக்கலாம். கின்னீரோ இடத்தை ஒற்றறியவே இல்லை. கெர்ஜானின் படை அஞ்சியதுபோல் பாசாங்கு செய்து ஊருக்குள் பின்வாங்கியது. அதை மெய்யென நம்பி நேரே தாக்கினார். சுவர்களுக்குப் பின்னிருந்து வந்த குண்டுகளால் அணிகள் குலைந்தன. தாமும் காயமுற்றுத் திரும்பிய கின்னீர், தோல்வியின் மனச்சோர்வோடு நோயுற்றுச் சிறிது காலத்தில் மாண்டார். அறியாத நிலத்தில் அறிந்தவனின் சொல்லைக் கேளாமையின் விலை அது. அவ்விலையை அவர் ஒருவர் மட்டும் கொடுக்கவில்லை.

மேற்கண்ட எண்களைக் கூட்டிப் பார்ப்போம். இருபுறமும் களத்தில் நின்றோர் ஏறத்தாழ 3100 பேர். அவர்களுள் ஐரோப்பியர் 500 பேரே. எஞ்சிய 2600 பேரும் சிப்பாய்களும் நவாபின் குதிரை வீரருமாவர். ஆறில் ஐந்து பங்குக்கும் மேற்பட்டோர் இம்மண்ணில் படைக்குச் சேர்ந்தவர்களாயிருந்த ஒரு சண்டையை ஆங்கிலேய–பிரெஞ்சுப் போர் என்றழைப்பது எங்ஙனம் பொருந்தும்? ஐரோப்பிய நூல்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு; சிப்பாய்க்கு எண்ணிக்கையே பெயர்.

நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போர் நாளாக ஜூலை 26 குறிக்கப்படுகிறது. ஆங்கிலேயர் அவ்வாண்டு செப்டம்பரில்தான் புதிய நாட்காட்டிக்கு மாறினர். ஆகவே பிரெஞ்சுக்காரரின் கணக்கில் அது ஆகஸ்ட் 6. நம் கணக்கில் ஹிஜ்ரி 1165, ரமளான் இருபத்தைந்தை ஒட்டிய நாள், இறுதிப் பத்து. பழைய தேதியையே புதியதெனக் கொண்டாலும் ரமளானை விட்டு அது வெளியே போகாது. ஒரு படையில் நவாப் முஹம்மது அலீயின் குதிரை வீரர். எதிர்ப்படையை அனுப்பிய டியூப்ளேயோ சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிபின் உரிமையைத் தம் கொடியாக்கிக் கொண்டிருந்தார். இரு தரப்பாரின் வீட்டிலும் அவ்விரவுகளில் ஒரே குர்ஆனே ஓதப்பட்டிருக்கும்.

இவ்வெற்றியால் பிரெஞ்சுக்காரரின் மதிப்பு மீண்டும் ஓங்கியது. மைசூராரும் மொராரி ராவும் அவர்கள் பக்கம் சாயத் தொடங்கினர். ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை இந்த ஏற்றம்: செப்டம்பர் 6 அன்று பாகூரில் லாரன்ஸ் கெர்ஜானை முறியடித்துச் சிறைப்பிடித்தார். பாகூர் நூல்களில் ஏறிற்று, விக்கிரவாண்டி அடிக்குறிப்பாயிற்று.

முஹம்மது அலீ தரப்பின் வரலாற்றை அவருடைய அரசவை ஆசிரியர் புர்ஹான் இப்னு ஹஸன் பாரசீகத்தில் ‘துஸுகே வாலாஜாஹி’ என எழுதினார். முஹம்மது ஹுஸைன் நயினாரின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1934-லும் 1939-லும் இரு பகுதிகளாக வெளியிட்டது. புரவலரைப் புகழும் நூல்தான். எனினும் கும்பெனியார் எழுதியதை மட்டும் படித்தவருக்கு இப்போர் ஒரு வீட்டுச் சண்டையாகத் தெரிவது இதனைத் திறந்த பின்பே.

வென்ற முஹம்மது அலீ கும்பெனியாரின் கடனில் மூழ்கி 1795-இல் மறைந்தார். 1801-இல் கர்நாடக நிர்வாகம் முழுவதும் கும்பெனியின் கைக்குப் போயிற்று. அவருடைய அடக்கத்தலம் திருச்சிராப்பள்ளி நத்ஹர் வலி தர்காவில் இருக்கிறது. சந்தா சாஹிபின் கப்ரும் அதே வளாகத்தில்தான்.