அருள்மொழி என்னும் பெயர்

அருள்மொழி என்று ஒரு பெயரைக் கேட்டால் இன்று நம் மனத்தில் தோன்றுவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் உருவமே. கனிமொழி, தேன்மொழி, கயல்மொழி என்னும் வரிசையில் அதனையும் சேர்த்துவிட்டோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே காவிரி நாட்டில் அப்பெயரைத் தாங்கியிருந்தவன் தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன். அருமொழி என்பது அவனுடைய இயற்பெயர். அவன் பெயரால் அருமொழிதேவ வளநாடு என்று ஒரு நாட்டுப் பகுதியே வழங்கிற்று. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' அருள்மொழிவர்மனை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவ்வளவு புகழ் பெற்ற பின்னும் அப்பெயர் ஆண்களிடம் நிலைத்து நிற்கவில்லை. புணர்ச்சி விதிப்படி திரிந்த அருண்மொழி என்னும் வடிவில் பாடகர் ஒருவரும் திரைப்பட இயக்குநர் ஒருவரும் அறியப்பட்டிருப்பது உண்மையே. ஆயினும் பெயர் பெண்பால் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை மறுக்க இயலாது.

ஆண்பிள்ளைக்குரிய பெயர்களைப் பெண்குழந்தைகளுக்கு இடும் வழக்கம் பெருகி வருகிறதா என்னும் கேள்வி உலகெங்கும் எழுப்பப்படுகிறது. ஆங்கில நாட்டில் ஷெர்லி என்பது ஒரு காலத்தில் ஆண்பெயர். சார்லட் பிராண்டி 1849இல் அப்பெயரால் ஒரு நாவல் எழுதினார். மகனுக்கென்று எண்ணி வைத்திருந்த பெயரைப் பெற்றோர் மகளுக்கு இட்டதாகக் கதை. அந்நாவலுக்குப் பின் அது பெண்பெயராயிற்று. ஆண்கள் அதனைக் கைவிட்டார்கள். லெஸ்லி, ஆஷ்லி முதலிய பெயர்களும் இவ்வழியே சென்றவை. பெண்கள் எடுத்துக்கொண்ட பெயரை ஆண்கள் கூச்சப்பட்டுத் துறப்பது அங்கே ஏறக்குறைய ஒரு விதி.

நம் நாட்டுக் கதை வேறு. பெயர்த்தி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன், தாங்குபவள் பெயர்த்தி. இன்று பேரன், பேத்தி என்று சிதைத்து வழங்குகிறோம். குடும்பத்தில் பெயர் மறையக்கூடாது என்பதே நோக்கம். பிறந்தது பெண்ணாயினும் பெயர் இறங்கியாக வேண்டும். முதலாம் இராசேந்திரன் தன் மகளுக்குத் தன் தந்தையின் பெயரையே இட்டு அருள்மொழிநங்கை என்று வழங்கினான். பாட்டன் அருள்மொழி, பெயர்த்தி அருள்மொழிநங்கை. நங்கை என்னும் வால் ஒன்று சேர்ந்ததே வேறுபாடு. அரண்மனையில் நங்கை என்றால் வயற்காட்டில் ஆயி. கருப்பன் பெயர் கருப்பாயிக்கும், வீரன் பெயர் வீராயிக்கும், முனியன் பெயர் முனியம்மாளுக்கும் இவ்வாறே இறங்கின. பூண்டி மாதா கோயிலைச் சூழ்ந்த ஊர்களில் அந்தோணியம்மாளும் சவரியம்மாளும் சூசையம்மாளும் உண்டு. மூவரும் ஆண்புனிதர்களின் பெயரைத் தாங்கியவர்கள். கீழத்தஞ்சையில் நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத் தர உழைத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பெயரில் இருப்பவன் கண்ணன் அன்றி வேறு யார்?

வாலே இல்லாமலும் வழங்கியதுண்டு. இவ்விடத்தில் சற்றே நின்று பார்க்க வேண்டும். இதற்கான சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை இராசராசன் குடியமர்த்தினான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் வழங்கி, அவர்களின் பெயரையும் வந்த ஊரையும் கல்லில் வெட்டுவித்தான். அப்பெயர்கள் பெரிதும் 'நக்கன்' என்றே தொடங்குகின்றன. நக்கன் என்பது சிவபெருமானின் பெயர். அன் விகுதி பெற்ற கலப்பற்ற ஆண்பாற்சொல். அதனைத் தம் பெயரின் தலையில் தாங்கிய பெண்கள் ஒருவரல்லர், இருவரல்லர். நக்கன் சேரமங்கை, நக்கன் சோழகுலசுந்தரி என்று பெண்மை தோன்றும் பெயர்கள் சில. நக்கன் எடுத்தபாதம், நக்கன் ஆரூர் என்று பால் தோன்றாத பெயர்கள் சில. நக்கன் இராசகேசரி என்று சோழ வேந்தரின் பட்டப்பெயரையே தாங்கிய ஒருத்தியும் இருக்கிறாள். அரசனின் பட்டப்பெயரை ஆடல்மகள் தாங்கினாள்; அரசன் அதனைத் தன் கோயில் கல்லிலேயே பொறித்தான்! இதில் இழுக்கு இருப்பதாக அக்காலத்தார் கருதியதாகத் தெரியவில்லை.

இது எவ்வாறு இயன்றது? தமிழில் வினைமுற்றே பாலைக் காட்டிவிடுகிறது. 'மாணிக்கம் வந்தாள்' என்றால் ஐயம் தீர்ந்தது. ஆதலால் பெயர் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியதில்லை. மாணிக்கம், தங்கம், செல்வம், இரத்தினம் என்னும் அம் ஈற்றுப் பெயர்கள் இருபாலார்க்கும் பொதுவாய் நடமாடியதன் காரணம் இதுவே. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் (1883–1962), லால்குடியைத் தம் பெயரின் முன் தாங்கிய லா.ச. ராமாமிர்தமும் (1916–2007) ஒரே பெயரினர். திருவையாற்றில் தியாகராசர் சமாதியை எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் பெயரிலிருந்து அம்மாளை நீக்கினால் அது எந்த ஆணுக்கும் பொருந்தும். பன்மை விகுதியால் மரியாதை செய்யும்போதுதான் சிக்கல். ஒக்கூர் மாசாத்தனாரையும் ஒக்கூர் மாசாத்தியாரையும் விகுதிக்கு முன்னுள்ள எழுத்துகள் பிரித்துக் காட்டிவிடுகின்றன. அந்த உதவி எல்லாப் பெயர்களுக்கும் கிட்டவில்லை. சங்கப் புலவருள் பெண்பாலார் எத்தனை பேர் என்பதில் அறிஞர்கள் இன்றுவரை வேறுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு செய்தி. கிரண் என்னும் இந்தியப் பெயரை மகளுக்கு இட்ட பெற்றோரிடம், பெண் என்று தெளிவாகக் காட்டும் இரண்டாம் பெயர் ஒன்றும் வேண்டும் என்று ஜெர்மனியின் பதிவலுவலர் வற்புறுத்தினார். வழக்கு அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. பெயர் பாலைக் காட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என 2008 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. நக்கன் எடுத்தபாதத்தைக் கல்லில் வெட்டிய சிற்பியிடம் கேட்டிருந்தால் வழக்கே எழுந்திராது.

ஆங்கிலேயரின் விதி நம்மிடம் செல்லாது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. பெண்பெயரைத் தாங்க நம் ஆடவர் கூசியதில்லை. உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). மாரிமுத்து, காளியப்பன், பேச்சிமுத்து முதலிய பெயர்களில் முன்னிற்பவள் அம்மனே. இக்காலத்து எழுத்தாளர் ரங்கராஜன் தம் மனைவியின் பெயரால் சுஜாதா ஆனதை நாம் அறிவோம். ஆக, பெயர்ப் போக்குவரத்து இங்கே இருவழிப் பாதை.

இருபதாம் நூற்றாண்டில் அப்பாதையில் ஒரு வேலி எழுந்தது. தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் அழகிய பெயர்களைத் தந்தன. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அப்பெயர்கள் பாலைக் கண்டிப்பாகப் பிரித்தன. தமிழ்ச்செல்வன் எனில் ஆண், தமிழ்ச்செல்வி எனில் பெண். விதிவிலக்காக அமைந்தது மொழி என்னும் ஈறு. அன், இ இரண்டுமின்றி நின்ற அதனைப் பெண்கள் தமதாக்கிக்கொண்டனர். அருள்மொழியும் அவ்வழியே அவர்களிடம் சென்றது என்பது என் கருத்து.

இதற்கிடையே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. சீதை சீதாவாகவும் ராதை ராதாவாகவும் ஆகி, பெண்பெயர்கள் ஐகாரத்தை விட்டு ஆகாரத்துக்கு வந்தன. சூரியன் சூர்யாவாகவும் கிருஷ்ணன் கிருஷ்ணாவாகவும் ஆகி, ஆண்பெயர்கள் ன் என்னும் ஒற்றை உதிர்த்து அதே இடத்துக்கு வந்தன. இரண்டும் சந்தித்த பின் எது யாருடையது? தமிழ்த் திரையில் ஆர்யா ஓர் ஆண். 2020இல் திருவனந்தபுரத்தின் மேயரான ஆர்யா ராஜேந்திரன் ஒரு பெண். தமிழ், அன்பு, மதி போன்ற சிறு பெயர்களும் இன்று எந்த வாலும் இன்றி இருபாலார்க்கும் இடப்படுகின்றன. ஆகவே ஆண்பெயர்கள் பெண்களிடம் இப்போதுதான் செல்கின்றன என்பது பிழை. முன்பே சென்றவைதாம், இப்போது வால் உதிர்ந்திருக்கிறது.

மகிழலாமா? நான் தயங்குகிறேன். மகளை 'வாடா கண்ணா' என்று அழைக்கும் தந்தையின் குரலில் இருப்பது அன்புதான். எனினும் மூன்றாவதும் பெண்ணானால் போதும்பொண்ணு என்றும், வேண்டாம் என்றும் பெயரிட்ட நாடு இது. மகனுக்கென்று எண்ணிய பெயர் மகளுக்கு வரும்போது, அது அவளுக்குத் தரப்பட்டதா, வராத மகனுக்காக அவள்மேல் வைக்கப்பட்டதா என்பது பெயரைப் பார்த்து அறியக் கூடியதன்று. வாலாம்பாள் என்று பெயரிடப்பட்ட இளம் விதவை ஒருவர் வேட்டியும் அரைக்கைச் சட்டையும் அணிந்து, முடியைக் கத்தரித்துக்கொண்டு, தஞ்சை உழவர்களிடையே மணலூர் மணியம்மையாய் உலவினார். ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' அவர் வாழ்வைச் சொல்வது. மணி என்னும் பெயர் அவரே ஏற்று நடந்த வாழ்வுக்குப் பொருந்திற்று.

வால் உதிர்ந்ததில் நன்மையும் உண்டு. நிலமுடையோர் வீட்டுப் பெண்ணுக்கு அம்மாள், நடவு நட்டவளுக்கு ஆயி என்று அந்த வாலிலேயே சாதியும் நிலையும் ஒட்டியிருந்தன. அது போகட்டும். ஆனால் கருப்பாயி, வீராயி, காத்தாயி, மருதாயி என்னும் பெயர்களை இனி எந்தக் குழந்தைக்கும் இடப்போவதில்லை. அவற்றைத் தாங்கிய மூதாட்டியர் பூதலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இன்னும் இருக்கிறார்கள். தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஒரு கல் கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தவை வாக்காளர் பட்டியலும் குடும்ப அட்டையும் மட்டுமே. பெயரையும், அது எந்தப் பாட்டனிடமிருந்து வந்தது என்பதையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைக்கும் பணியை, பதினோராம் ஆண்டில் நம் வட்டம் மேற்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறேன். கல்லணைக் கால்வாயின் கரையூர்களிலிருந்து தொடங்கலாம்.