நேற்று என்றால் 'ஹேவ்' ஏன் வராது?



"ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே." தா.பழூர் பக்கத்துப் பிள்ளைகளின் விடைத்தாள்களில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை சுழித்திருப்பேன் என்று கணக்கில்லை. பிழைதான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

பழைய ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்றால் கையில் வைத்திருப்பது. 'மீனைப் பிடித்து வைத்திருக்கிறேன்' என்பது போலத் தொடங்கிய பேச்சு, மெல்ல மெல்லக் காலம் காட்டும் அமைப்பாக மாறியது. 'வந்திருக்கிறான்' என்பதற்கு 1611ஆம் ஆண்டு பைபிளில்கூட 'ஈஸ் கம்' என்று வரும். ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இதே 'ஹேவ்' அமைப்பு 'நேற்று' என்ற சொல்லோடு இன்றும் தாராளமாகச் சேரும். வேலி போட்டுக்கொண்டது ஆங்கிலம்தான்.

நம் கதை வேறு. நன்னூல் சொல்லும் காலம் மூன்றே. 'வந்திருக்கிறான்' என்பதில் நமக்குத் துணை 'இரு'. விடிகாலையில் ஈர வாசலைப் பார்த்து, "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். பெய்ததைப் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்த்தோம். அங்கே 'ராத்திரி' என்ற சொல் நமக்கு உறுத்துவதில்லை. அதையே ஆங்கிலத்தில் 'ஹேஸ்' போட்டுச் சொன்னால் தவறு.

நமக்கு மேற்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதினார். 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அந்த இலத்தீனில் 'வேனி' என்ற ஒரே சொல்தான் 'வந்தேன்', 'வந்திருக்கிறேன்' இரண்டுக்கும். ஆக, எந்த மொழியும் இன்னொன்றின் அளவுக்குத் தைத்த சட்டை அல்ல.

பிள்ளைகளுக்கு நான் சொன்ன வழி, கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் கோயிலைக் கட்டினான்: அது முடிந்த செயல், 'பில்ட்'. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது: அன்று தொடங்கி இன்றும் தொடர்கிறது, 'ஹேஸ் ஸ்டுட்'. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்: ஆண்டைச் சொல்லிவிட்டோம், 'ஹேவ்' வேண்டாம். 'நான் அந்தக் கோயிலைப் பார்த்திருக்கிறேன்': எப்போது என்று சொல்லவில்லை, 'ஹேவ் சீன்'. அதோடு 'நேற்று' சேர்ந்தால் 'சா'.

பெற்றோருக்கும் இளைய ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 'நேற்று' போட்டு 'ஹேவ்' எழுதும் பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடாதீர்கள். அது தமிழில் சரியாக யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறது. இரண்டு மொழிக்கும் வரப்பு எங்கே என்று காட்டினால் போதும், தாண்டிவிடும். மக்கு என்ற பட்டம் வாங்கிய பிள்ளை அப்புறம் வாயே திறக்காது.